நெஞ்சுக்குச் சொன்னார், முழங்காலுக்கு யார் சொல்வது?

அம்மாவிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான 108 திவ்ய தேசங்களையும் வரிசையாக எழுதி, சேவித்த தேதியை எதிரே குறித்து வைப்பார். திருப்பாற்கடலும் பரமபதமும் போக மீதி 106-ஐத்தான் இந்த உடம்போடு பார்க்க முடியும், அதில் நேபாளத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, முக்திநாத். பாசுரத்தில் அதற்குப் பெயர் சாளக்கிராமம், "சாளக்கிராமம் அடை நெஞ்சே" என்று திருமங்கையாழ்வார் பாட்டுக்குப் பாட்டு சொல்கிறார். நெஞ்சுக்குச் சொல்லிவிட்டார், சரி, 72 வயது முழங்காலுக்கு யார் சொல்வது?

பொக்காராவிலிருந்து முக்திநாத் பக்கமுள்ள ஜோம்சோமுக்குச் சின்ன விமானத்தில் இருபது நிமிடம்தான், ஆனால் காலையில் மட்டும். பதினொரு மணிவாக்கில் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிட்டால் எதுவும் பறக்காது. எங்களுக்கு இரண்டு நாளும் காலையிலேயே மேகம். மூன்றாம் நாள் ஜீப் பிடித்துவிட்டோம். பேனி, தாதோபானி வரைக்கும் பச்சைப் பசேல் என்று காடும் அருவியுமாக வந்தது, அப்புறம் மேலே ஏற ஏற மரங்கள் குறைந்து, மார்ஃபாவின் ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டியதும் மலை முழுக்க மண் நிறத்துக்கு வந்துவிட்டது. மழை மேகங்களை அன்னபூர்ணாவும் (8,091 மீட்டர்) தௌலாகிரியும் (8,167) அந்தப் பக்கமே நிறுத்திக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவே காளி கண்டகி ஆறு. இடுப்பு கழன்றுவிடும் சாலை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காக்பேனியில் அப்பாவுக்குப் பிண்டம் வைத்தோம். அங்கே காற்று இலையைக் கையிலிருந்து பிடுங்குகிறது. முடித்துவிட்டு ஆற்றுப் படுகையில் கொஞ்ச நேரம் கல் தேடினோம். உருண்டைக் கறுப்புக் கல், உடைந்திருந்தால் உள்ளே சுருள் சுருளாகச் சக்கரம், அதுதான் சாளக்கிராமம். கடைகளிலும் குவித்து வைத்திருக்கிறார்கள், பெருமாளை விலை பேசி வாங்கக்கூடாது என்பது அம்மா கட்சி. எனக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா, "அம்மா, இது அம்மோனைட், பதினைந்து கோடி வருஷத்துக்கு முன்னாடி டெத்திஸ்னு ஒரு கடல்ல இருந்த பிராணி, இந்தியா போய் ஆசியாமேல மோதினப்போ கடல் தரையே மலையா எழும்பினதுல இதுவும் மேல வந்துடுத்து" என்றேன். அம்மா நிமிராமலே, "கடல்ல படுத்துண்டிருந்தவர்தானேடா" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. கல்லும் கிடைக்கவில்லை.

மறுநாள் ராணிபௌவாவில் ஜீப் நின்றது. கோயில் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, மீதியை நடக்க வேண்டும், இல்லை குதிரை. அம்மா குதிரையைப் பார்த்தார், குதிரை அம்மாவைப் பார்த்தது, நடக்கலாம் என்று முடிவானது. அந்த உயரத்தில் மூச்சு முட்டாமல் இருக்க என்று கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து முகர்ந்துகொண்டே போனோம். அது உதவியதோ என்னவோ, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று போனது நன்றாகவே உதவியது.

அடுக்குக் கூரையோடு கோயில் சின்னதுதான். நம் ஊர்க் கோபுரத்தை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். சன்னிதியில் பௌத்தப் பிக்குணிகளும் சேவை செய்கிறார்கள். நமக்கு ஸ்ரீமூர்த்திப் பெருமாள், அவர்களுக்கு அவரே லோகேஸ்வரர் என்ற போதிசத்துவர். கொஞ்சம் தள்ளி ஜ்வாலாமாயி கோயிலில் குனிந்து, கிட்டத்தட்ட தரையில் படுத்துப் பார்த்தால், தண்ணீர் ஓடும் சத்தத்துக்குப் பக்கத்திலேயே பூமிக்குள்ளிருந்து வரும் வாயுவில் நீலமாக ஒரு சுடர் எரிகிறது. எனக்கு அதைவிட்டு வர மனமில்லை.

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 காளைத் தலைகள், ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் பனி உருகிய தண்ணீர். முதல் பத்துக்குள் எனக்குத் தலை மரத்துப்போய், பிறகு கையை மட்டும் நீட்டி நீட்டி ஓடி முடித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா ஒவ்வொன்றாக நின்று, தலை நனைத்து, எண்ணிக்கொண்டு வருகிறார். அதற்குப் பிறகு முன்னால் இருக்கும் இரண்டு குண்டங்களிலும் முங்கி எழுந்தார். முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

திரும்பும்போது விமானம் கிடைத்தது. ஜோம்சோமில் காத்திருக்கையில் நோட்டை எடுத்துத் தேதி போட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "கண்டகி உற்பத்தியாற இடம் தாமோதர குண்டம்னு இன்னும் மேல இருக்காமே, எத்தனை நாள் நடக்கணும்?"