ஆயிரம் அடிக்கு ஒரு அயிட்டம்

எங்க வீட்டுக்காரர் பேங்க்கில் 32 வருஷம் பேரேடு பார்த்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனது ஆள்தான், பேரேடு ஆகவில்லை. சுகர் பார்டரில் நிற்கிறது, தினம் பத்தாயிரம் அடி நடங்கள் என்று டாக்டர் சொன்னார். மகள் உடனே ஒரு வாட்ச் வாங்கி அனுப்பிவிட்டாள், நடக்க நடக்க எண்ணுகிற வாட்ச். இடது கையில் ஏற்கெனவே ஒரு செம்புக் காப்பும் மூணு சாமி கயிறும் இருந்ததால் வாட்ச் வலது கைக்குப் போனது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

போன மாசம் கோயமுத்தூரிலிருந்து மதுரைக்கு, நாங்கள் ரெண்டு பேர் மட்டும். பஸ்ஸிலேயே சட்டம் போட்டுவிட்டார். "அம்மிணி, மதுரை முழுக்க நடைதான். ஆயிரம் அடி நடந்தா ஒரு அயிட்டம் திங்கலாம். ஓவர் டிராப்ட் கிடையாது."

விடிகாலை ஆரப்பாளையத்தில் இறங்கினோம். பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்று ஆரம்பித்தவரைப் பார்த்த பார்வையில் அவரே ஆட்டோவைக் கூப்பிட்டார். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ். குளித்துவிட்டு இட்லிக் கடைக்குப் போனால் முதல் வழக்கு. வாட்ச் 640 காட்டியது. ஆயிரம் ஆகவில்லை என்று கடை வாசலிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். உள்ளே இலையில் இட்லி வந்தது, கூடவே தேங்காய், தக்காளி, மல்லி, வெங்காயம் என்று நாலு சட்னி. "ஏனுங்க, இட்லி ஒரு அயிட்டம் சரி. நாலு சட்னி நாலு அயிட்டமுங்களா?" என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, "சட்னி சர்வீஸ் சார்ஜ்" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பின் பலத்தில் சட்னி மட்டும் மூணு தடவை வாங்கினோம். சட்னி ஊற்றிய தம்பி இன்னும் எங்களை மறந்திருக்க மாட்டான்.

மதுரை வீதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கோயிலுக்குள்ளே ஆடி வீதி. அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு. தமிழ் மாசம் தெரிந்தால் போதும், வழி தப்பாது என்று இவர் சொன்னார். சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில்தான் ஓடும் என்று டீக்கடைக்காரர் சொன்னதும் அந்த நம்பிக்கையும் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

மேல கோபுர வாசலில் செருப்பைப் போட்டோம். 2018லிருந்து கோயிலுக்குள் செல்போன் கூடாது என்பதால் அதையும் கொடுத்து டோக்கன் வாங்கினோம். போனோடு வாட்ச்சையும் கழற்றி வைத்துவிட்டார், எதற்கு வம்பு என்று. வைக்கும்போது அதில் 2,140. டோக்கன் ரெண்டும் அவர் சட்டைப் பையில்.

உள்ளே போகும்போதே நான் கேட்டேன், "கூட்டத்துல தொலைஞ்சு போனா எங்கெ நிக்கறதுங்க?"

"பிள்ளையார்கிட்ட நில்லு."

எவ்வளவு தெளிவான பதில்! மீனாட்சியைப் பார்த்துவிட்டு வெளியே தள்ளப்பட்டபோது எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடமே போய்க்கொண்டிருந்தது, இவரைக் காணோம். நேரே முக்குறுணி விநாயகர் முன்னால் போய் நின்றேன். அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகிற வழியில் அத்தனை பெரிசாக உட்கார்ந்திருக்கிறார், மதுரையில் பிள்ளையார் என்றால் வேறு யாரைச் சொல்வார்கள்? விநாயகர் சதுர்த்திக்கு மூணு குறுணி அரிசியில், அதாவது 18 படியில், இவருக்குக் கொழுக்கட்டை செய்வார்களாம். கால் மணி நேரம் பக்தியாக நின்றேன். அரை மணி நேரம் ஆனதும் அந்தக் கொழுக்கட்டைக்கு எத்தனை ஆயிரம் அடி நடக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். வாழ்ந்த வாழ்க்கை அப்படி.

இவர் எங்கே இருந்தார் என்றால், பொற்றாமரைக் குளத்தங்கரையில், விபூதிப் பிள்ளையார்கிட்ட. அங்கே வருகிறவர்கள் எல்லாம் பிள்ளையார் மேல் திருநீறு போடுவார்கள். இவரும் போட்டிருக்கிறார். சும்மா நிற்பானேன் என்று திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். அப்புறம் என்னைத் தேடிக் கிளம்பி, குளத்தை ரெண்டு சுற்று, கிளிக்கூண்டு மண்டபம், ஆயிரங்கால் மண்டபம், வெளியே ஆடி வீதியில் பாய் விரிக்காத இடமாகப் பார்த்து ஒரு முழுச் சுற்று. சித்திரை வெயிலில் கல் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. பன்னிரண்டரைக்கு நடை சாத்தப் போகிறார்கள் என்கிற நேரத்தில், முழங்கை வரைக்கும் திருநீறோடு, நொண்டிக்கொண்டே ஒரு சாமியார் என்னை நோக்கி வந்தார். கிட்டே வந்ததும்தான் தாலி கட்டியவர் என்று தெரிந்தது.

"எங்கெ போயிட்டே நீ?"

"பிள்ளையார்கிட்டத்தானுங்க நின்னேன்."

"நானும் பிள்ளையார்கிட்டத்தான் நின்னேன்!"

பிள்ளையாரே பார்த்துக்கொண்டிருக்கும்போது சண்டை போட முடியவில்லை. மேல கோபுர வாசலுக்கு வந்து, டோக்கன் கொடுத்து, வாட்ச்சைக் கட்டினார். கட்டின உடனே முகம் செத்துப் போனது. பெண்டாட்டி ஒரு மணி நேரம் காணாமல் போனபோதுகூட அந்த முகம் வந்திருக்காது. 2,140.

"அம்மிணி, நாலாயிரமாவது நடந்திருப்பேன். ஒண்ணுகூட ஏறலை."

"அதான் கால்ல கொப்புளம் இருக்குதுங்களே, சாட்சி."

"கொப்புளத்தையெல்லாம் வவுச்சரா எடுத்துக்க முடியாது."

மத்தியானம் லாட்ஜில் படுத்து எழுந்து, மூணு மணிக்கு நாயக்கர் மஹால். இவர் வழி கேட்க மாட்டார். கேட்டாலும் மதுரைக்காரர்கள் "இப்பிடியே அங்கிட்டுப் போயி இங்கிட்டுத் திரும்புங்கண்ணே" என்பார்கள். கோயமுத்தூர்க்காரருக்குக் கிழக்கால, மேக்கால என்று சொன்னால்தான் ஏறும். கீழ மாசி வீதிப் பலசரக்குக் கடை மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே, தேர்முட்டியைத் தாண்டி விளக்குத்தூணுக்கு வந்தோம். அந்தக் காலத்துக் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை அகலப்படுத்தினாராம், அவர் ஞாபகமாக வைத்த விளக்கு. அவருக்கு நன்றி சொல்லலாம், திட்டவும் செய்யலாம். கோட்டை அப்படியே இருந்திருந்தால் நடக்கிற தூரம் குறைந்திருக்கும்.

மஹால் திருமலை நாயக்கர் 1636ல் கட்டியது. இன்றைக்கு நிற்பது கால்வாசிதான், மிச்சத்தைப் பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். "தாத்தா கட்டுன வீட்டப் பேரன் பிரிக்கிறது அப்பவே இருந்திருக்குது பாரு" என்று பாகப்பிரிவினை ஞாபகத்தில் கொஞ்ச நேரம் நின்றார். மஹாலுக்கு மண் எடுக்கத் தெப்பக்குளம் வெட்டும்போதுதான் முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்றும் சொல்வார்கள். இந்தப் பேச்சை நான் எடுத்திருக்கக் கூடாது. தூண் ஒவ்வொன்றும் யானைக்கால் தோற்றுப்போகும். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கையை நீட்டிப் பார்த்தோம், விரல் எட்டவில்லை. தூணுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "மறுபடி தொலைஞ்சு போயிறாதே."

திரும்பி விளக்குத்தூண் வந்தபோது கணக்கில் 4,900 சொச்சம். ஜிகர்தண்டா பாஸ். கடைக்காரத் தம்பி பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டின பால் என்று வரிசையாக ஊற்றி, மேலே ஐஸ்க்ரீமை வைக்கிற நேரம் பார்த்து இவர், "தம்பி, சர்க்கரை கம்மியா" என்றார். அந்தப் பையன் கரண்டியைப் பிடித்தபடி என்னைத்தான் பார்த்தான், இவரை அல்ல. "நீ போடு சாமி" என்றேன். முதல் வாய் குடித்ததிலிருந்து டம்ளர் காலியாகும்வரை சர்க்கரை பற்றிப் பேச்சே இல்லை.

அப்புறம் சுங்குடிச் சேலைக் கடை. சௌராஷ்டிரக்காரர்கள் துணியைப் பொட்டுப் பொட்டாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது, 2005லேயே புவிசார் குறியீடு வாங்கியது. ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். அது குறைவு. இவர் உள்ளே உட்காரவில்லை. வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. நான் பையோடு வெளியே வரும்போது செக்யூரிட்டி அண்ணன், "தாயி, அந்தா நடக்கிறாரே, அவரு உங்க ஆளா? ரொம்ப நேரமா நோட்டம் பாத்துக்கிட்டு இருக்காரு" என்று ரகசியமாகக் கேட்டார். நோட்டம் பார்த்ததில் 1,900 அடி வரவு. என் புடவைக்கு இவர் முகம் மலர்ந்து பணம் கொடுத்தது இந்த முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான்.

இருட்டுகிற நேரம் தள்ளுவண்டியில் பருத்திப் பால். பருத்திக்கொட்டைப் பாலில் கருப்பட்டி, சுக்கு, திப்பிலி, தேங்காய்ப்பூ எல்லாம் போட்டுக் கூழ் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. "சுக்கு, திப்பிலி எல்லாம் மருந்து. மருந்து அயிட்டத்துல வராது" என்று அவரே சட்டத்தில் ஓட்டை போட்டார். ரெண்டு டம்ளர் மருந்து சாப்பிட்டார்.

கடைசியாகக் கறி தோசைக்கு மெஸ். வாசலில் வாட்ச் 9,962. பத்தாயிரம் ஆகாமல் உள்ளே வர மாட்டேன் என்று பழைய பல்லவி. எனக்குக் கால் விட்டுப்போனது. "ஏனுங்க, ஆயிரங்கால் மண்டபத்துல மொத்தம் 985 தூண்தான். அதையே இந்த ஊரு ஆயிரம்னு சொல்லுது. நீங்க 9,962ஐப் பத்தாயிரம்னு சொல்ல மாட்டீங்களா?" என்றேன். ஆடிட்டரே ஒத்துக்கொள்கிற வாதம். வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகு எனக்குத்தான் உறுத்தியது. "காலைல கோயிலுக்குப் போயிட்டு ராத்திரி கறி திங்கறது..."

கையை நீட்டி வாட்ச்சைக் காட்டினார். "இதும்படி நான் கோயிலுக்கே போகலை."

தோசை வந்தது. கனமான கல்தோசை, மேலே முட்டை, அதற்கு மேலே கறி, ஓரத்தில் சால்னா. ஒரு விள்ளல் பிய்த்தார். இன்னொரு விள்ளல். தற்செயலாக வாட்ச்சைப் பார்த்தவர் அப்படியே நின்றார். 9,971. என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை கொஞ்சம் வேகமாகப் பிய்த்து, சால்னாவில் தோய்த்து, வாய்க்குக் கொண்டுபோனார். 9,975. அதற்கப்புறம் அந்த வலது கை ஓடின ஓட்டம், பரோட்டா மாஸ்டர் கெட்டார். பாதித் தோசையில் வாட்ச் 'விர்ர்ர்' என்று அதிர்ந்து, கண்ணாடிக்குள் கலர் கலராக வாணம் விட்டது.

"அண்ணே, போன் அடிக்குது பாருங்க" என்றான் பரிமாறுகிற தம்பி.

"போன் இல்ல சாமி. இன்னொரு கறி தோசை கொண்டா. பிய்க்கறதுக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்."