காயலான் கடை மண்ணைக் கிளறிய கதை

வட சென்னையில் எங்கள் தெரு முனையில் இரண்டரை கிரவுண்டு காலி மனை ஒன்று இருக்கிறது. மனைப்பிரிவு போட்டபோதே பூங்காவுக்கென்று ஒதுக்கியது. ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். ஆனால் எனக்கு நினைவு தெரிந்து அங்கே இருந்தது காயலான் கடைதான். அதைக் காலி செய்த மறுநாளே பையன்கள் ஸ்டம்ப் நட்டுவிட்டார்கள். நாங்களும் பூங்கா வேண்டும் என்று மனு எழுதி, வார்டு மக்கள் கூடும் ஏரியா சபையில் பேசி, மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டத்துக்காக வீடு வீடாகப் பணமும் திரட்ட ஆரம்பித்தோம். சங்கத்துக்கு நான்தான் பொருளாளர்.

வசூலுக்குப் போன இடத்தில் ஒரு பெரியவர் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, அந்த மூலையில புல்லு மொளைக்காது. பேட்டரி ஆசிட்ட அங்கதான் ஊத்துவோம்."

அந்தக் கடையில் அவர் பல வருடம் வேலை செய்தவர். பழைய லாரி பேட்டரிகளைக் கோடாலியால் பிளந்து, உள்ளேயிருக்கும் ஈயத் தட்டை உருவி, பின்பக்கம் உருக்குவார்களாம். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மனை முழுக்க எருக்கும் நெருஞ்சியும் மண்டிக் கிடக்க, அந்த மூலை மட்டும் சாம்பல் பூத்து மொட்டையாக இருந்தது. அந்த மண்ணில் இருந்தது ஈயம். அது மக்காது, ஆவியாகாது. போட்ட இடத்திலேயே கிடக்கும். கூடவே ஆசிட்டும் இறங்கியிருந்தால் இன்னும் ஆழமாகப் போகும். விளையாடிவிட்டு அதே கையால் பிஸ்கட் சாப்பிடுகிற குழந்தையின் வயிற்றுக்குப் போய்விடும். ஈயத்துக்கு ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மண்ணை எடுத்துக்கொண்டு முதலில் வேளாண்மை மண் பரிசோதனைக்கு ஓடினோம். கார அமிலத்தன்மை, தழை, மணி, சாம்பல் சத்து என்று அழகான அட்டை வந்தது. ஈயம் அதில் இல்லை. பயிருக்குப் பார்க்கிற சோதனையில் அது எப்படி வரும்! தனியார் ஆய்வகத்தில் "மொத்த ஈயம்" என்று எழுதிக் கேட்க வேண்டும். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அந்தத் தாளை யாரும் மதிக்க மாட்டார்கள்.

மாதிரி எடுப்பதில் நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைக்க ஒன்பது இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே பையில் கொடுத்தோம். பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் ஒரு எண் வந்தது. நல்ல மண்ணோடு கலந்ததில் மூலையின் விஷம் ஒளிந்துகொண்டது. அடுத்த முறை மூலைக்குத் தனிப் பை, கேட் பக்கத்துக்குத் தனிப் பை. மேல்மண் தனியாக, ஒரு அடி ஆழத்து மண் தனியாக. ஒவ்வொரு தடவையும் மண்வெட்டியைக் கழுவினோம். குடியிருப்புப் பகுதி மண்ணுக்கு அமெரிக்காவில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று வைத்திருந்த எச்சரிக்கை அளவை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தார்கள். எங்கள் மூலை இரண்டு அளவையுமே பல மடங்கு தாண்டியிருந்தது. கேட் பக்கம் பரவாயில்லை.

இதற்குள் மாநகராட்சியில் பூங்காவுக்கான எஸ்டிமேட் தயாராகிவிட்டது. நகல் தர மாட்டேன் என்றார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். முப்பது நாள் கழித்து மழுப்பலாக ஒரு பதில், மேல்முறையீட்டுக்குப் பிறகு நகல். அதில் முதல் வரி: "பரப்பைச் சமன் செய்தல்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜே.சி.பி. வந்து சமன் செய்தால் ஒரு மூலையில் இருக்கிற ஈயம் மனை முழுக்கப் பரவிவிடும். அந்த ஒரு வரியை மாற்ற எட்டு மாதம் ஆனது. இந்த வேலையில் மிகக் கஷ்டமான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மண்ணைத் தோண்டி முடிக்க நான்கு நாள் போதுமாக இருந்தது.

தோண்டிய மண் எங்கே போகிறது என்பதையும் விடக்கூடாது. ஒப்பந்தக்காரர் சாதாரணக் கட்டடக் கழிவு போலப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டத்தான் பார்த்தார். இது அபாயகரக் கழிவு; கும்மிடிப்பூண்டியில் இதற்கென்றே பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பிடம் இருக்கிறது. லாரியோடு மேனிஃபெஸ்ட் என்ற படிவம் போக வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் கையெழுத்தாகித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு நகலையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தேன். புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளித்தார்கள், லாரிக்குத் தார்ப்பாய் போட்டார்கள். அந்த நாலு நாளும் தெருவில் யாரும் துணி காயப் போடவில்லை.

இரண்டு அடி எடுத்தபின் அடியில் மறுபடி மாதிரி எடுத்துப் பார்த்தோம். குறைந்திருந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி விரித்து, செம்மண் கொட்டி, அந்தப் பகுதிக்கு மட்டும் பேவர் பிளாக் போட்டாயிற்று. நாளைக்கு யாராவது தோண்டினால் துணி தட்டுப்படும், நிறுத்துவார்கள் என்ற கணக்கு. கீரைப் பாத்தி கேட்டவர்களுக்குத் தொட்டி வாங்கிக் கொடுத்தோம்.

இப்போது தொடங்குபவர்களுக்கு ஒன்று: 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். எங்கள் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த விதிகள் அப்போதே இருந்திருந்தால் அந்த எட்டு மாதம் குறைந்திருக்குமோ என்னவோ.

பூங்கா திறந்த மாதம் எதிர்வீட்டில் வாடகையை ஆயிரம் ரூபாய் ஏற்றினார்கள். அந்த வீட்டில் குடியிருந்தவர் வசூலில் ஐந்நூறு கொடுத்தவர். இது எங்கள் யோசனையிலேயே வராத விஷயம், இன்னும் பதிலும் தெரியவில்லை.

போன வாரம் அந்தப் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் அந்த மூலைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டேன். தெருக் கால்வாயைக் காட்டினார். இந்த வருடம் தூர் வாருவதற்குள் அந்தச் சேற்றில் இரண்டு பை எடுத்து அனுப்ப வேண்டும். பணத்துக்குத்தான் மறுபடி ரசீதுப் புத்தகத்தைத் தூக்கியிருக்கிறேன்.