சபையின் குறைவை அறிந்து வரங்களை நாடுதல்

கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சபைகளில் முழு இரவு ஜெபம் நடக்கும்போது, இளைஞர்கள் முன்னே வந்து முழங்கால்படியிட்டு, தங்களுக்கு ஆவியின் வரங்களை, அதாவது சபைக்கு ஊழியம் செய்யப் பரிசுத்த ஆவியானவர் கொடுக்கும் திறன்களை, தரும்படி ஆண்டவரிடத்தில் கண்ணீரோடு மன்றாடுவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்தத் தாகத்தை நான் மதிக்கிறேன். வரங்களைப் பற்றிப் பேசவே அஞ்சுகிற சபையைவிட, அழுது கேட்கிற சபையே மேல் என்பது என் எண்ணம். ஆனால், அப்படி மன்றாடுகிறவர்களில் பலர் அந்நியபாஷையையும் (ஆவியின் ஏவுதலால் தாம் கல்லாத மொழியில் பேசுவதையும்) தீர்க்கதரிசனத்தையும் குணமாக்கும் வரத்தையும் மட்டுமே கேட்கிறார்கள். தங்கள் சபைக்கு இப்போது எது குறைவாயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் கேட்பவர்கள் மிகச் சிலரே.

கி.பி. 55 வாக்கில் எபேசுவிலிருந்து கொரிந்து சபைக்கு முதலாம் நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல், வரங்களை நாட வேண்டாம் என்று அவர்களைத் தடுக்கவில்லை. "நீங்களும் ஆவிக்குரிய வரங்களை நாடுகிறவர்களானபடியால், சபைக்குப் பக்திவிருத்தி உண்டாகத்தக்கதாக அவைகளில் தேறும்படி நாடுங்கள்" என்று 14ஆம் அதிகாரத்தில் அந்த ஆவலுக்கு ஒரு திசையைக் காட்டுகிறார். இந்தக் கட்டளை தனி ஒருவருக்கு அல்ல, கூடிவந்த சபை முழுவதற்கும் கொடுக்கப்பட்டது. ஆகவே நமக்குத் தேவையான வரம் நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கிடைக்க வேண்டும் என்று ஜெபிப்பதும் வரத்தை நாடுவதே என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படி ஜெபிக்கிற கூட்டத்தில் பொறாமைக்கு இடம் இராது.

இதை அப்போஸ்தலருடைய நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் தெளிவாகக் காணலாம். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தி விசாரணையில், அதாவது உணவுப் பகிர்வில், திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் சீஷர் கூட்டத்தை வரவழைத்து, பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து நற்சாட்சி பெற்ற ஏழு பேரை அவர்களே தெரிந்துகொள்ளும்படி சொன்னார்கள். முதலில் குறை வெளிப்பட்டது. பின்பு, அந்தக் குறையைத் தீர்க்கத் தகுந்தவர்கள் யார் என்பதை அவர்களோடு நாள்தோறும் பழகியவர்களே அடையாளம் கண்டார்கள். அதற்குப் பிறகே கைகள் வைக்கப்பட்டன. அந்த ஏழு பேரில் ஸ்தேவான் பின்னர் இரத்தசாட்சியானார், பிலிப்பு சமாரியாவுக்குச் சென்று பிரசங்கித்தார். பந்தி விசாரணைக்கு நியமிக்கப்பட்டவர்களுக்கு இவ்வளவு ஆவியின் நிறைவு வேண்டுமா என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாம்தான் அப்படிக் கேட்கிறோம். சமையலுக்கும் கணக்குக்கும் ஆள் கிடைத்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம்.

எங்கள் சபையில் ஓர் அக்கா இருக்கிறார். பருவத்தில் புளியங்கொட்டை எடுக்கும் வேலைக்குச் செல்கிறவர், மேடையேறி ஒரு வார்த்தையும் பேசாதவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யார் வரவில்லை என்பது போதகருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அன்று மாலையே தூக்குப் போசியில் ஏதேனும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். எடுத்தவுடன் வசனம் சொல்லமாட்டார். மாத்திரை தீர்ந்துவிட்டதா, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன கணவரிடமிருந்து பணம் வந்ததா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்; பதில் வரும்வரை காத்திருப்பார். ஜெபம் கடைசியில், இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். அந்த வீட்டின் தேவையைப் போதகரிடம் சொல்லும்போதும் அவர்களுக்குத் தலைகுனிவு வராதபடி பார்த்துச் சொல்வார். "அக்கா, இது ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த வரம்" என்று ஒரு தங்கை அவரிடம் சொன்னபோது, "இதுல என்ன இருக்குது கண்ணு, போய்ப் பார்த்துட்டு வர்றேன், அவ்வளவுதான்" என்றார்.

ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் ஊழியம், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல் ஆகியவற்றைத் தீர்க்கதரிசனத்தோடு சேர்த்தே வரங்களாகச் சொல்லி, "இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடனே செய்யக்கடவன்" என்று முடிக்கிறார். அந்த உற்சாகம் எனக்கு ஒரு முக்கியமான அடையாளமாகப் படுகிறது. கடமைக்காகப் போகிறவர் சில வாரங்களில் சலித்துவிடுவார். இந்த அக்காவோ போய்விட்டு வந்த பிறகு கூடுதல் தெம்போடு இருப்பதை நாங்கள் எல்லோரும் கவனித்திருக்கிறோம். கொரிந்தியருக்கு எழுதிய பட்டியலும் ரோமருக்கு எழுதிய பட்டியலும் ஒன்றாக இல்லை என்பதால், எந்தப் பட்டியலும் முற்றுப்பெற்றது அல்ல என்றே கொள்கிறேன். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் பொன், வெள்ளி, மர வேலைகளுக்காகப் பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவ ஆவியினால் நிரப்பினதாக யாத்திராகமம் 31 சொல்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிப்படையாகத் தோன்றும் வரங்களைக் குறித்தும் நான் சொல்லியாக வேண்டும். "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்ற வசனத்தை அடுத்து உடனே, "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று தெசலோனிக்கேயருக்குக் கட்டளை இருக்கிறது. தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கும் சொல்லப்பட்டது. நிதானிக்க இடங்கொடுக்காமல், கர்த்தர் காண்பித்தார் என்ற ஒரே சொல்லால் ஒரு பெண்ணின் திருமணத்தையோ ஒரு குடும்பத்தின் நிலத்தையோ முடிவு செய்பவரைச் சபை தடுத்து நிறுத்த வேண்டும். அப்படிச் செய்வது ஆவியை அவித்துப்போடுவது, அதாவது பரிசுத்த ஆவியின் செயலைத் தடுப்பது, ஆகாது.

குணமாக்கும் வரத்தில் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை. சுகம் கிடைத்துவிட்டது என்று அறிக்கை செய்து, சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்தச் சொன்னதால் உடல் கெட்டுப்போன ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. எவருடைய கைகளினால் விசேஷித்த அற்புதங்கள் நடந்தனவோ, அந்தப் பவுலே தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். நோயாளிக்காகக் கைகளை வைத்து ஜெபிப்போம், தேவன் சுகம் தருவார் என்று விசுவாசிப்போம். மருந்தை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் இப்போது இந்த முறையைத் தொடங்கியிருக்கிறோம்: ஜெபத்துக்கு முன் சபையில் எது குறைவாயிருக்கிறது என்று பேசுகிறோம், பிறகு, யாரிடத்தில் அதற்கான கிருபையைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்கிறோம், தன்னைப் பற்றித் தானே சொல்வதில்லை. ஓசூர்ப் பக்கமிருந்து வந்து குடியேறிய சில தெலுங்குக் குடும்பங்களுக்குப் பிரசங்கம் சரியாக விளங்கவில்லை என்பது சென்ற கூட்டத்தில் தெரியவந்தது. அவர்களுக்கு உடன் அமர்ந்து பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவரை எழுப்பும்படி ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கல்லூரி மாணவியின் பெயரை மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். அவளிடம் போதகர் இந்த வாரம் பேசுவார்.