வாட்டாற்றானின் மூன்று வாசல்

வீட்டுப் பிள்ளை எல்லைக் காவலில் இருக்கும்போது, பெரியவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாற்றில் பள்ளிகொண்ட வாட்டாற்றான், ஆதிகேசவப் பெருமாளுக்கு ஒரு பால்பாயசம் நேர்ந்துகொள்வதுண்டு. அந்த நேர்ச்சையோடு வருகிறவர்கள் முதலில் பாயசத்துக்கு முன்கூட்டியே சொல்லி ரசீது போட்டுவிடுங்கள். தரிசனம் முடித்துக் கேட்டால் கிடைக்காமல் போகும். கையில் ஒரு தூக்குப் பாத்திரமும் வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, அழகியமண்டபம், வேர்கிளம்பி வழி. மார்த்தாண்டத்தில் இறங்கினால் இன்னும் பக்கம். உச்சிக்கு முன்பே போய்ச் சேருங்கள், நடை சாத்தினால் சாயங்காலம்தான். ஆண்களுக்கு வேட்டி மட்டும். சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் படியேறுங்கள்.

2022 ஜூலை 6-இல், 418 ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்தது. அதன்பின் கூட்டம் ஏறிவிட்டது. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம். பின்னால் நிற்பவர் தள்ள, முன்னால் நிற்பவர் திருமுகத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டவனை அப்படிப் பார்த்தால் பார்த்ததாகுமா? சாதாரண வாரநாளில் வாருங்கள்.

வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கருவறையில் எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான். கண்ணை மூடி, கேசவா என்று சொல்லிக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத் திறங்கள். மேற்கே பார்த்த சந்நிதி, மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். தெற்கே தலை, வடக்கே கால். ஆகவே நமக்கு இடப்பக்க வாசலில் திருவடி, வலப்பக்க வாசலில் திருமுகம். திருவடியிலிருந்தே தொடங்குங்கள். நடு வாசலில் அவசரப்படாதீர்கள். இடது கை நம் பக்கமாகத் தொங்குகிறது. திருவனந்தபுரத்தில் போல உந்தியில் தாமரையும் பிரமனும் இங்கே இல்லை. விளக்குத் திரி அசையும்போது அந்தக் கை மெல்ல அசைவதுபோல இருக்கும். நேர்ச்சையை அங்கேதான் சொல்ல வேண்டும்.

திருமேனி 16,008 சாளக்கிராமங்களும், கடுசர்க்கரை யோகம் என்னும் கலவைப் பூச்சும் சேர்ந்தது. தண்ணீர் பட்டால் பூச்சு கரையும். அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, பூசைக்கென்று இருக்கும் சிறிய விக்கிரகமான அர்ச்சனா பிம்பத்துக்குத்தான். 1740-இல் ஆற்காட்டு நவாப் படை இந்தப் பக்கம் வந்தபோது எடுத்துக்கொண்டு போனதும் அந்தப் பிம்பத்தையே என்கிறது தலமரபு. பெரியவரை யாராலும் தூக்க முடியாது. தூக்கக் கூடியதைத் தூக்கினார்கள். அபிஷேகத் திருமேனி போனால் நித்தியப் பூசை தடைப்படும், நிவேதியம் நிற்கும், அந்தச் சோற்றை நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பும் அணையும். படையெடுப்பு ஊர்க்காரனைத் தொடுவது இப்படித்தான். கோட்டை விழுந்தாலும் விழாவிட்டாலும் அன்றைய சோறு போய்விடும்.

அடுத்த வருஷமே டச்சுக்காரர்கள் குளச்சலில் இறங்கினார்கள். கடற்கரை ஊர்கள் கொள்ளை போயின. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா ஆதிகேசவன் திருவடியில் வாளை வைத்து வேண்டிக்கொண்டுதான் போருக்குப் போனார் என்பது இங்கே வழிவழியாக வரும் பேச்சு. 1741 ஆகஸ்டில் குளச்சலில் வென்றார். தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அந்த மன்னருக்கே படைத்தளபதியாக உழைத்தார். அவர் கல்லறை தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. திரும்பும் வழியில் பார்த்துவிடலாம்.

கொண்டுபோன பிம்பம் என்ன ஆயிற்று? நவாபின் வீட்டில் தீராத நோய் கண்டு, பயந்து, காணிக்கையோடு திருப்பி அனுப்பினார்களாம். அதன் நினைவாக ஏற்பட்டதுதான் திருஅல்லா பூசை. கொள்ளையடித்தவர்களின் கடவுள் பேரையே தன் பூசைக்கு வைத்துக்கொண்டான் பாருங்கள், என் வாட்டாற்றான்! நம்மாழ்வார் 11 பாசுரம் பாடியது சும்மாவா? பழிவாங்கினான் என்று இந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, "கொடுத்தனுப்பினாங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

பிரகாரத்தைச் சுற்றாமல் வந்துவிடாதீர்கள். 224 தூண்களில் பாவைவிளக்கு ஏந்திய பெண்கள், ஒருத்தி கொண்டை போல இன்னொருத்திக்கு இல்லை. சந்நிதி முன்னால் ஒற்றைக்கல் மண்டபம், 18 அடிச் சதுரம், 3 அடி கனம். எத்தனை படை வந்த வழி இது! அந்தக் கல்லும் இருக்கிறது, விளக்கும் எரிகிறது, உச்சிப்பூசைக்கு மணி அடிக்கிறது. கேசவா, நடை திறந்து வைத்திருக்கிறாயே, அப்பா!

பாயசம் சூடாகத் தருவார்கள். தூக்கின் மூடியை உடனே இறுக்க வேண்டாம், பொங்கி வழியும்.