கம்பு வெச்சுக் குனியறது: பின்மண்டை ஒருவழியா ஒட்டிருச்சுங்க

முதுகு கூன் போடாம குனியப் பழகறதுக்கு, முதுகுல நெட்டுக்குக் கம்பு வெச்சு இடுப்பு மூட்டுல மடங்கறப்ப மூணு இடம் தொட்டுக்கிட்டே இருக்கணும்: பின்மண்டை, ரெண்டு தோள்பட்டைக்கும் நடு, வால் எலும்புக்கு மேல இருக்கற தட்டை எலும்பு. கீழ ரெண்டும் சீக்கிரம் வந்துரும். முரண்டு பிடிக்கறது பின்மண்டைதான். அது இப்ப, நிமிர்ந்த நிலையில இருந்து 60 டிகிரி சாயற வரைக்கும் விலகாம நிக்குது.

விலகறதுக்குக் கழுத்தைத் திட்டிப் பிரயோசனம் இல்லைங்க. குத்தம் கண்ணு மேல. உடம்பு சாய ஆரம்பிச்சதும் பார்வை நேரா கால் கட்டைவிரலுக்கு ஓடுது, தலையும் கூடவே தொங்கிருது. "தலையைக் கம்புல அழுத்துங்க"ன்னு சொன்னா இன்னும் மோசம். தாடையைத் தூக்கிக் கம்பைத் தொட்டுருவாங்க. பார்க்கறவங்களுக்குச் சரியாத் தெரியும், உள்ள பொடனி நசுங்கிக் கிடக்கும். கண்டுபிடிக்கறது சுலபம்: பொடனிக்கும் கம்புக்கும் நடுவுல உள்ளங்கை அணைவா இருந்தா நல்லது. முஷ்டியே நுழையுதுன்னா தாடை ஏறிருச்சுன்னு அர்த்தம்.

வேலை செஞ்சது சாக்பீஸ்தான். சராசரி உயரத்துக்கு, 30 டிகிரி சாயறப்ப கால்ல இருந்து சுமார் 8 அடி தள்ளி ஒரு கோடு. 60 டிகிரிக்கு 3, 3½ அடியில இன்னொண்ணு. முதல்ல எதிர்ச் சுவரு, அப்பறம் தூரக்கோடு, அப்பறம் கிட்டக்கோடு. கண்ணு இந்த வரிசையில இறங்கினா கழுத்து தனியா எதுவும் செய்ய வேண்டியதில்லை. நிமிர்ந்து நிக்கறப்பவே தலை கம்புக்கு எட்டாதவங்க ஒரு துண்டை மடிச்சு நடுவுல வெச்சுக்கலாம். எட்டலைன்னு தலையை இழுக்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாக்காரர் எஃப். எம். அலெக்சாண்டர் (1869–1955) நடிகர். வசனம் ஒப்பிக்கறப்ப குரல் கம்மிப்போகுதுன்னு கண்ணாடி முன்னால நின்னு பார்த்திருக்கார். வாயைத் திறக்கறப்பவே தலை பின்னால இழுபட்டிருக்கு, அது அவருக்கே உறைக்கலை. பழகின கோணல் நேராத்தான் தோணும்ங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சி வேணுமா? அதனால இங்கயும் உணர்ச்சியை நம்பாதீங்க. செல்போனைப் பக்கவாட்டுல, இடுப்பு உயரத்துல சாத்தி வெச்சுப் படம் எடுங்க.

ஆழம் போகப் போகக் கீழ்முதுகு வளையுதுன்னா காரணம் பின்தொடை. அந்தச் சதை உட்காரும் எலும்புல ஒட்டியிருக்கு, விறைச்சா இடுப்பெலும்பையே கீழ இழுத்துரும். முழங்காலைச் சித்தே மடக்கினா இழுவை விட்டுரும். கால் விரலைத் தூக்க முடியலைன்னா பாரம் முன்னால போயிருச்சு, பிட்டத்தை இன்னும் பின்னால தள்ளணும். கால்ல மின்னல் மாதிரி வலி இறங்கறவங்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்க.

கம்பு விசயம்: எலெக்ட்ரிகல் கடை வயரிங் பைப் வளையுது. முதுகோட சேர்ந்து அதுவும் வளைஞ்சு, எல்லாம் சரின்னு பொய் சொல்லும். பிரம்பும் அப்படியே. காஞ்ச மூங்கில், 1 அங்குலக் கனம், 4 அடி நீளம். கணு மேடு எலும்புல உறுத்தும், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கணும். வாரச்சந்தையில கூடை முடையறவங்ககிட்டக் கேட்டா நேரான கழியாப் பொறுக்கித் தருவாங்க, கடை விலையெல்லாம் தண்டம்.

இனி கம்பில்லாம அன்றாட வேலைக்குக் கொண்டு போகணும். குடம் தூக்கறது வந்துருச்சு. தொடைச்சந்துல கையோட விளிம்பை வெச்சு, கை உள்ள மடங்குதான்னு பார்த்துட்டுக் குனிஞ்சாப் போதும். வாசல் கூட்டறதுதான் இன்னும் தகராறு. தென்னஞ்சீமாறு நீளம் பத்தாம, 60 டிகிரியைத் தாண்டிக் குனிய வெச்சுருது, முதுகு கூன் போட்டுருது. சீமாத்துக்குள்ள 2½ அடிக் கழியைச் செருகிக் கட்டுக்கம்பியில இறுக்கிப் பார்த்தாச்சு. ரெண்டு தடவை கூட்டினதும் சுத்திக்குது. கழி அடியில குறுக்கா ஒரு துளை போட்டு, கம்பியை அதுக்குள்ள கோத்துக் கட்டணும்.

அதுக்குள்ள இன்னொரு வேலையும் ஆரம்பிச்சாச்சு: திருப்பூர்ல பவர் டேபிள்ல, அதாவது மோட்டார் தையல் மெஷின்ல, உட்கார்ந்து தைக்கறவங்களோட ஸ்டூல். இடுப்பு முழங்காலைவிட ரெண்டு விரக்கடை மேல இருக்கணும். பஞ்சு மெத்தை உட்கார்ந்ததும் அமுங்கிருது. பவானி ஜமுக்காளத்தை நாலா மடிச்சுப் போட்டா அமுங்கலை, ஆனா வழுக்குது. அடியில ரப்பர் ஷீட்டு வெட்டி ஒட்டிப் பார்க்கணும்ங்க.