முகத்தில் செதில் உரிந்தால், எண்ணெய்க் குப்பியை எடுக்கும் முன்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். அதே காற்று நெல்லை மாவட்டத்தின் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வரும்போது ஈரத்தை மலையிலேயே கொட்டிவிட்டு வெறுங்காற்றாக வீசும். அதில் பைக் ஓட்டுகிற ஆண்களுக்கு முகம் உரியத் தொடங்கினால், வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "தேங்காண்ணெயத் தேய்ல, சரியாயிரும்."

பாதிப் பேருக்குச் சரியாகும். மீதிப் பேருக்கு அந்த எண்ணெயாலேயே கூடும். செதிலில் இரண்டு வகை உண்டு. எது என்று பார்க்காமல் எதையும் தடவக் கூடாது.

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். கன்னம், நெற்றி, சவரம் செய்யும் இடங்களில் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடித்தால் அது வெறும் வறட்சி. மூக்கின் இரு ஓரம், புருவம், காதுக்குப் பின்னால், மீசை தாடிக்குள் என்று இடம் பார்த்து வந்து, செதில் மஞ்சளாகப் பிசுபிசுத்து நகத்தில் ஒட்டி, அடியில் தோல் சிவந்திருந்தால் அது முகத்தில் வந்த பொடுகு. மருத்துவர்கள் செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். இவர்களில் பலருக்குத் தலையிலும் பொடுகு இருக்கும்.

வறட்சிக்கு முதலில் மாற்ற வேண்டியது சோப்பு. தோலின் பிஹெச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 5 சுற்றி இருக்கும்; எண் கூடினால் காரம் கூடும். குளியல் சோப்பு 9, 10 வரை போகும். அட்டையில் டி.எஃப்.எம். 76 என்று போட்டிருந்தால் முகத்துக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். அது கொழுப்பின் அளவு. காரம் குறைந்தது என்று அர்த்தமில்லை. மெடிக்கலில் சின்டெட் பார் (சோப்பு சேராத கழுவுகட்டி) என்று கேளுங்கள், பிஹெச் 5.5 என்று அச்சிட்டிருக்கும். போர் தண்ணி உப்பாக இருக்கிற ஊர்களில் இன்னொரு வினை: தண்ணீரின் கால்சியமும் சோப்பும் சேர்ந்து வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதே, அது முகத்திலும் படியும். கடைசி ஒரு செம்பு மட்டும் தாமிரபரணி குடிதண்ணீரில் முகம் அலசினால் போதும்.

குளித்ததும் துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காயும் முன், மூன்று நிமிடத்துக்குள் கிளிசரின் கலந்த, வாசனை இல்லாத கிரீமைத் தடவுங்கள். முகம் முழுவதற்கும் இரண்டு பட்டாணி அளவு. காய்ந்த முகத்தில் எவ்வளவு பூசினாலும் பூட்டி வைக்க உள்ளே ஈரம் இருக்காது. இரவிலும் முகத்தை நனைத்து ஒருமுறை. யூரியா 10 சதவீத கிரீம் வேண்டாம். உரிந்த முகத்தில் எரியும். சவரத்தைக் குளித்த பிறகு, முடி வளரும் திசையிலேயே செய்யுங்கள். சலூனில் முகம் முழுக்கப் படிகாரம் தேய்க்க விடாதீர்கள். வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் வைத்தால் போதும். ஸ்பிரிட் வாடை அடிக்கும் லோஷனும் வேண்டாம்.

பொடுகு வகைக்குக் காரணம் மலசீசியா என்ற பூஞ்சை. எல்லோர் தோலிலும் உள்ளது, கொழுப்பைத் தின்று வாழ்வது. எண்ணெய் தேய்த்தால் அரை நாள் செதில் படிந்து முகம் வழவழப்பாகத் தெரியும். பூஞ்சைக்கோ தீனி கிடைத்தாயிற்று. இதற்கு வேண்டியது கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. தலை, தாடி, புருவம் மூன்றிலும் நுரைத்து, ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம் வரை. போட்டவுடன் கழுவினால் பலனில்லை. கண்ணில் படாமல் பார்க்கவும். தாடி அடர்த்தியானால் முதலில் டிரிம் செய்யுங்கள். நுரை முடியோடு நின்றுவிடாமல் தோலைத் தொட வேண்டும். ஷாம்பு போட்ட நாளில் தோல் இழுக்கும், அதே கிரீமை மெல்லிசாகத் தடவலாம். அடங்கிய பின் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர வேண்டும். அடியோடு போகிற விஷயமல்ல. தூக்கம் கெட்டாலும் எட்டிப் பார்க்கும்.

பெரிய ஆபத்து கடையில் கேட்டு வாங்கும் ட்யூப். பின்பக்கம் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் ஸ்டீராய்டு. இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகும், அதுதான் கண்ணி. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பரு வரும்; நிறுத்தினால் முன்னைவிடச் சிவந்து எரியும். ஏற்கெனவே நெடுநாள் போட்டவர்கள் தாமாக எதையும் மாற்றாமல் தோல் டாக்டரைப் பார்க்கட்டும்.

வளையமாக ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். வெளுத்தோ சிவந்தோ திட்டு இருந்து அதில் தொடு உணர்ச்சி குறைந்தால் நாள் கடத்தாதீர்கள், தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகிற அன்று காலை முகத்தில் எதுவும் தடவாமல், சவரமும் செய்யாமல், இதுவரை போட்ட ட்யூப்களை எல்லாம், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள்.