ரீசெட் அடித்ததும் காணாமல் போன பூட் செய்திகள்

பேக்கப் எடுக்கிற லினக்ஸ் சர்வர் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. சும்மா ரீபூட் செய்தால் ஒழுங்காக வந்துவிடும், மின்சாரம் போய் வந்தால் மட்டும் பாதியில் நின்றுவிடும். ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் தம்பி போன் பண்ணுவார்: "அண்ணா, எமர்ஜென்சி மோடுனு வந்து ரூட் பாஸ்வேர்டு கேட்டுச்சு, ரீசெட் அடிச்சேன், இப்ப வந்துடுச்சு." காலையில் போய் லாக்கைத் திறந்தால் ரீசெட்டுக்கு அப்புறம் நடந்த நல்ல பூட் மட்டும்தான் இருக்கும், அதற்கு முந்தையது ஒரு வரிகூட இருக்காது. மூன்று தடவை இப்படியே ஆனது.

மூன்றாவது தடவைதான் உட்கார்ந்து படித்தேன். பூட் ஆகும்போது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, சொல்வதெல்லாம் முதலில் ரேமில் இருக்கும் ஒரு ரிங் பஃபருக்குத்தான் (நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதும் இடம்) போகும், டிஸ்க்கே இன்னும் மவுண்ட் ஆகாத, அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்படாத, நேரத்தில் வேறு எங்கே எழுத முடியும்? அதிலிருந்து லாக்குகளைச் சேர்த்து வைக்கும் ஜர்னல்டி என்ற சேவை எடுத்துக்கொள்கிறது. அதன் ஸ்டோரேஜ் ‘ஆட்டோ’ என்று இருந்தால், /வார்/லாக் அடியில் ஜர்னல் என்ற டைரக்டரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் டிஸ்க்கில் எழுதும், இல்லாவிட்டால் /ரன் அடியில், அதாவது ரேமிலேயே, வைத்துக்கொள்ளும்; ரீசெட் அடித்தால் அது போய்விடும். எங்கள் சர்வரில் அந்த டைரக்டரி இல்லை. ரீசெட் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு தடவையும் சர்வரை எழுப்பிவிட்டு, அது ஏன் விழுந்தது என்பதை நாங்களே அழித்துக்கொண்டிருந்தோம்.

டைரக்டரியை உருவாக்கி ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்தேன், அவ்வளவுதான் வேலை. கூடவே, லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரான கிரப்பின் அமைப்பில் இருந்த, பூட் செய்திகளைத் திரையில் குறைக்கும் ‘கொயட்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். சர்வரில் பூட் செய்திகளைத் திரையிலிருந்து மறைப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, பக்கத்தில் நிற்கிறவர் கடைசி வரியையாவது படித்துச் சொல்லலாம் இல்லையா. இன்னொன்று, ஜர்னல்டி சாதாரணச் செய்திகளை உடனுக்குடன் டிஸ்க்கில் உறுதிப்படுத்துவதில்லை, இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான். அதனால் தம்பியிடம், "இனிமே நின்னுடுச்சுன்னா பத்து நிமிஷம் அப்படியே விட்டுட்டு அப்புறம் ரீசெட் அடிங்க" என்று சொல்லிவைத்தேன். அவரும் அப்படியே செய்தார்.

அடுத்த தடவை ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ என்று கொடுத்து முந்தைய பூட்டைத் திறந்தேன். ஒவ்வொரு வரியின் முன்னாலும் விநாடிக் கணக்கு இருக்கும்படி வைத்துப் படித்தால், 94வது விநாடியில் டேட்டா டிஸ்க்குக்காகக் காத்திருந்தது டைம்-அவுட், உடனே எமர்ஜென்சி மோடு. அதற்குக் கீழே, 106வது விநாடியில், அதே டிஸ்க் கிடைத்துவிட்டதாகக் கெர்னல் சொல்கிறது! பூட்டின்போது எல்லாவற்றையும் வரிசையாகத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி இயல்பாக ஒரு டிவைஸுக்கு 90 விநாடி காத்திருக்கும். வெளியே தனிப் பெட்டியில் இருந்த டிஸ்க்குகள் மின்சாரம் வந்தபின் ஒவ்வொன்றாகச் சுழன்று தயாராக அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்தன. ரீசெட் அடிக்கும்போது அவை ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும், அதனால்தான் அப்போது மட்டும் எல்லாம் சரியாக வந்தது.

லினக்ஸே இருக்கிற ரூட் டிஸ்க் கிடைக்காமல் நின்றிருந்தால் இந்த வழி உதவியிருக்காது. அதற்கு, பூட் செய்திகளைக் கேபிள் வழியாக வெளியே அனுப்பும் சீரியல் கன்சோல்தான், கேபிளின் மறுமுனையில் ஒரு லேப்டாப்பை வைத்து ஃபைலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதையும் இப்போது அந்த சர்வருக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டேட்டா டிஸ்க்குக்கான காத்திருப்பை 300 விநாடியாக மாற்றினேன். டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் ‘நோஃபெயில்’ போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். டேட்டா டிஸ்க் இல்லாமல் எழுந்த பேக்கப் சர்வர், மவுண்ட் ஆகாத காலி டைரக்டரியில் போய் எழுதித் தொலைக்கும். அதற்கப்புறம் மின்சாரம் போய் வந்த ராத்திரி போன் வரவில்லை. காலையில் நானாகவே ஜர்னலைத் திறந்து தேடினேன்: 105வது விநாடியில் டிஸ்க், 106ல் மவுண்ட்.